வார்த்து வந்த சுவர்

கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். இங்கே தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள்.

ஓர் அக்காளையும் தம்பியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அக்காள் கொழிஞ்சாம்பாறையில் வாழ்கிறாள். தம்பி மூணாறில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். அடுத்த ஆண்டு அவனுக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் இருந்த வீடு. ஆனாலும் அது சொந்த வீடு இல்லை.

தம்பியிடம் தேவிகுளம் பக்கம் நான்கு சென்ட் நிலம் இருக்கிறது. பணிக்கொடைப் பணம் வரும். அதற்குள் ஒரு வீடு கட்டி முடிக்க வேண்டும். ஒருமுறைதான் கட்ட முடியும். தவறினால் மறுபடி கட்டப் பணம் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் தம்பி மலை இறங்கினான். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக அக்காள் வீட்டுக்கு வந்தான். வரும் வழியில் ஒரு பட்டறையைப் பார்த்தான். அங்கே கான்கிரீட் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். காம்பவுண்ட் சுவருக்கான பலகைகள் அவை.

"அக்கா, இந்தப் பலகையிலேயே வீடு கட்டிக் கொடுக்கிறாங்களாம். பத்து நாளில் வேலை முடிஞ்சிருமாம். நாளைக்கு முன்பணம் கொடுக்கப் போறேன்" என்றான்.

அக்காள் உடனே பதில் சொல்லவில்லை. மாலையில் அவனைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே அதே பலகையில் ஓர் அறை கட்டியிருந்தார்கள்.

"தம்பி, இந்தச் சுவத்துல கையை வெச்சுப் பாரு" என்றாள்.

தம்பி கையை வைத்தான். சட்டென்று எடுத்துவிட்டான். வெயில் சாய்ந்த பிறகும் சுவர் கொதித்தது.

"ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே படுக்க முடியாது. காத்தாடி சுத்திக்கிட்டே இருக்கும். கரண்டு பில்லு ஏறிக்கிட்டே இருக்கும். முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி மேஸ்திரியைக் கேளு" என்றாள் அக்காள்.

வார்த்த சுவர் என்றால் என்ன?

இட்லி எப்படிச் செய்கிறோம்? தட்டில் மாவை ஊற்றி வேக வைக்கிறோம். வெந்த பிறகு எடுத்து இலையில் வைக்கிறோம். வார்த்த சுவரும் அப்படித்தான். பட்டறையில் ஓர் அச்சு இருக்கும். அச்சில் கம்பியை வைப்பார்கள். சிமெண்ட், மணல், ஜல்லி கலந்த கலவையை ஊற்றுவார்கள். அது இறுகிய பிறகு அச்சிலிருந்து எடுப்பார்கள். தண்ணீர் விட்டு நனைத்து வைப்பார்கள். பிறகு லாரியில் ஏற்றி வீடு கட்டும் இடத்துக்குக் கொண்டு போவார்கள். அங்கே நிறுத்தி இணைப்பார்கள்.

இதில் நன்மைகள் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். மழைக்காலத்திலும் பட்டறையில் வேலை நடக்கும். கலவையின் அளவு எல்லாப் பலகைக்கும் ஒன்றாக இருக்கும். கட்டும் இடத்தில் பொருள் வீணாவது குறையும்.

இது புதிய முறையும் அல்ல. 1948-ஆம் ஆண்டிலேயே தில்லியில் அரசு ஒரு வீட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பிரிவினையில் வீடிழந்து வந்த மக்களுக்கு விரைவாக வீடு கொடுக்க வேண்டியிருந்தது. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை வார்த்த கான்கிரீட் முறையில் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022 மே மாதம் திறந்தார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் தரைத்தளமும் அதற்கு மேல் ஐந்து மாடிகளும் உள்ளன.

அப்படியானால் வார்த்த சுவர் நல்லதா, கெட்டதா? மேஸ்திரி அதற்கு இப்படிப் பதில் சொன்னார்:

"அண்ணே, பலகை நல்லதுதான். ஆனா காம்பவுண்டுப் பலகை வேற, வீட்டுச் சுவர் வேற. காம்பவுண்டு மாட்டைத் தடுத்தாப் போதும். வீட்டுச் சுவர் வெயிலைத் தடுக்கணும், குளிரைத் தடுக்கணும், மழையைத் தடுக்கணும். ரெண்டும் ஒண்ணா?"

வெயில் எப்படி உள்ளே வருகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட மதில் போல நிற்கிறது. அந்த மதிலில் பாலக்காட்டில் மட்டும் ஒரு பெரிய வாசல் இருக்கிறது. வடக்கே நீலகிரி மலை. தெற்கே ஆனைமலை. நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லை. இதைப் பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். தை, மாசி மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இந்த வாசல் வழியாக வீசும். பங்குனி, சித்திரையில் சில நாள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்.

கான்கிரீட் உறுதியானது. ஆனால் வெப்பத்தை எளிதாகக் கடத்திவிடும். பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும். இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் கக்கும். சுவர் மெல்லியதாக இருந்தால் பகலிலேயே சூடு உள்ளே வந்துவிடும்.

ஐஸ் கட்டியை எப்படிக் கொண்டு போகிறார்கள்? மரத்தூளைப் போட்டு, சாக்கில் சுற்றிக் கொண்டு போகிறார்கள். மலையில் தொழிலாளர்கள் குளிருக்குக் கம்பளி போர்த்துகிறார்கள். கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு இல்லை. அதன் இழைகளுக்கு நடுவே காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் உடம்பின் சூடு வெளியே போகாது. ஐஸுக்கு வெளிச்சூடு உள்ளே போகாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

அதனால் சுவருக்கும் ஒரு கம்பளி வேண்டும்.

பெரிய தொழிற்சாலைகளில் இதை ஒரு முறையில் செய்கிறார்கள். உள்ளே ஒரு கான்கிரீட் பலகை. வெளியே ஒரு கான்கிரீட் பலகை. இரண்டுக்கும் நடுவே தெர்மோகோல் போன்ற எடை குறைந்த அட்டை. மூன்றும் சேர்ந்து ஒரே சுவர். அந்த அட்டை முழுவதும் காற்றுக் குமிழிகள். ஓர் அங்குலத் தெர்மோகோல் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க வேண்டுமானால், மூன்று அடிக்கும் அதிகமான கனத்தில் கான்கிரீட் வேண்டும்!

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தெர்மோகோல் தீப்பிடிக்கும். ஆகவே அது எங்கும் வெளியே தெரியக் கூடாது. இரண்டு பலகைகளுக்கும் நடுவே முழுதாக மூடியிருக்க வேண்டும். அடுத்து, ஓரங்களில் கான்கிரீட்டை உள்ளிருந்து வெளிவரை நிரப்பிவிட்டால், அந்த வழியே சூடு நுழையும். கம்பளியில் கிழிசல் இருந்தால் குளிர் நுழைவது போல.

கூரையையும் மறக்கக் கூடாது. உச்சி வெயில் முழுவதும் கூரை மேல்தான் விழுகிறது. சுவரை மட்டும் சரிசெய்து, மேலே வெறும் தகரம் போட்டால் பயன் இல்லை. மாலை வெயில் மேற்குச் சுவரில் அடிக்கும். அந்தப் பக்கம் தாழ்வாரமோ மரமோ இருந்தால் நல்லது. வெள்ளைப் பூச்சும் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

செங்கல்லிலும் கம்பளி உண்டு

"தெர்மோகோல் வெச்ச சுவருக்கு நான் எங்கே போவேன், மேஸ்திரி?" என்று கேட்டான் தம்பி.

"செங்கல்லிலேயே வழி இருக்கு அண்ணே. எலிப்பொறிக் கட்டு கேள்விப்பட்டதில்லையா?" என்றார் மேஸ்திரி.

வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை ஓரமாக நிமிர்த்தி வைக்கிறார்கள். சுவர் 9 அங்குல கனம் இருக்கும். ஆனால் உள்ளே சுமார் 3 அங்குல வெற்றிடம் இருக்கும். அங்கே காற்று அடைபட்டு நிற்கும். அதுவே கம்பளி. கல்லும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம்.

கேரளத்தில் இந்த முறையைப் பரப்பியவர் லாரி பேக்கர். இவர் 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1945-இல் இந்தியாவுக்கு வந்தார். இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மனைவி எலிசபெத் மருத்துவர். இருவரும் 1960-களில் இன்றைய இடுக்கி மாவட்டத்து வாகமணில் வாழ்ந்து மக்களுக்கு மருத்துவப் பணி செய்தார்கள். பிறகு திருவனந்தபுரம் போனார்கள். அங்கே பேக்கர் ஏழைகளுக்குச் செலவு குறைந்த வீடுகள் கட்டினார். பக்கத்தில் கிடைக்கும் பொருளால் கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. 2007-இல் காலமானார்.

மலையில் சுவர் வியர்க்கும்

மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சில எஸ்டேட்டுகளில் புல் மேல் உறைபனி படியும். ஆடி மாதத்தில் நாள் கணக்காக மழை விடாது.

அங்கே மெல்லிய கான்கிரீட் சுவர் என்ன செய்யும்? இரவில் ஐஸ் போல ஆகிவிடும். அடுக்களையில் சோறு கொதிக்கும். நீராவி அறையில் பரவும். குளிர்ந்த சுவரில் பட்டதும் அது தண்ணீராக மாறும். சுவர் வியர்ப்பது போலத் தெரியும். பிறகு கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். துணி நாற்றம் அடிக்கும். பிள்ளைகளுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வரும்.

பலர் இதை மழை ஒழுகல் என்று நினைத்து வெளியே பூசுவார்கள். பூசினாலும் ஈரம் போகாது. சுவருக்குக் கம்பளி வேண்டும். அடுக்களைப் புகையும் ஆவியும் வெளியே போக வழியும் வேண்டும்.

பாருங்கள். கொழிஞ்சாம்பாறையில் சூடு. தேவிகுளத்தில் குளிர். நோய் வேறு. மருந்து ஒன்றுதான்.

மழை எங்கே நுழைகிறது?

நல்ல கான்கிரீட் பலகையின் நடுவே மழை நுழையாது. பலகையும் பலகையும் சேரும் இடத்தில்தான் நுழையும்.

வெயிலில் கான்கிரீட் நீளும். குளிரில் சுருங்கும். 20 அடி நீளச் சுவர், வெப்பம் 30 டிகிரி மாறினால், சுமார் 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இணைப்பில் வெறும் சிமெண்டைப் பூசியிருந்தால் அது விரிசல் விடும். அந்த விரிசலில் காற்று மழையைத் தள்ளும்.

ஆகவே இணைப்பில் ரப்பர் போல நெகிழும் பசையை நிரப்புகிறார்கள். அதுவும் வெயிலில் பல வருடம் கிடந்தால் காய்ந்துவிடும். அப்போது மாற்ற வேண்டும். இன்னும் நல்ல முறை, இணைப்பில் இரட்டைக் காவல் வைப்பது. வெளிக்காவல் மழையைத் தடுக்கும். அதைத் தாண்டி வரும் தண்ணீர் நடு இடைவெளியில் இறங்கி, கீழே வெளியே போய்விடும். உள்காவல் காற்றைத் தடுக்கும்.

தண்ணீர் உள்ளே போனால் இன்னோர் ஆபத்து உண்டு. கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். உள்ளிருந்து கான்கிரீட்டை உடைக்கும். பழைய கட்டடங்களில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைத் தடுக்கக் கம்பிக்கு மேல் போதுமான கான்கிரீட் வேண்டும். மழையில் நனையும் கான்கிரீட்டில் 3 சென்டிமீட்டர் வேண்டும் என்பது இந்தியத் தர விதி. காம்பவுண்டுப் பலகையின் கனம் 2 அங்குலம். அதாவது 5 சென்டிமீட்டர். கம்பியை நடுவில் வைத்தாலும் இரண்டு பக்கமும் 3 சென்டிமீட்டர் கிடைக்குமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நனைத்து வைப்பதும் முக்கியம். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும். வறண்ட வெப்பக் காலத்தில் 14 நாள் வேண்டும். பாலக்காட்டுக் காற்றில் கான்கிரீட் சீக்கிரம் காயும். காய்ந்தது என்றால் இறுகியது என்று பொருள் அல்ல.

கைகோத்து நிற்க வேண்டும்

லண்டனில் ரோனன் பாயிண்ட் என்று ஒரு கட்டடம் இருந்தது. 22 மாடிகள். பெரிய கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 அன்று விடியற்காலை, 18-ஆவது மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. அந்த மூலையில் இருந்த சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டது. அதன் மேலே இருந்த தளங்கள் சரிந்தன. அந்த எடையில் கீழே இருந்த தளங்களும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்பைப் பற்றவைத்த பெண் பிழைத்துக்கொண்டார்.

பலகைகள் பலமாக இருந்தன. ஆனால் ஒன்றோடொன்று சரியாகப் பிணைக்கப்படவில்லை. சீட்டுக்கட்டு வீடு போல நின்றிருந்தது. அதன் பிறகு பல நாடுகளில் கட்டட விதிகளை மாற்றினார்கள். பலகைகளைக் கம்பியாலும் கான்கிரீட்டாலும் பிணைக்க வேண்டும் என்றார்கள்.

நம் வீட்டிலும் எரிவாயு சிலிண்டர் இருக்கிறது. நில நடுக்கமும் வரலாம். தூணின் பள்ளத்தில் பலகையைச் செருகி வைத்தால் அது பிணைப்பு ஆகாது. மூலைகளில் கம்பி இணைய வேண்டும். சுவர்களின் மேலே சுற்றிலும் ஒரு பட்டை ஓட வேண்டும்.

சுவருக்கு முன்னால் நிலம்

மேஸ்திரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, உங்க நிலம் எப்படி இருக்கு? சரிவா, சமமா? மேலே ஓடை இருக்கா?"

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. அவனுக்குப் பெட்டிமுடி ஞாபகம் வந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் போனார்கள். அவர்களில் நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்.

அப்படி இறங்கி வரும் மண்ணையும் பாறையையும் எந்த வீட்டுச் சுவரும் தடுக்காது. செங்கல்லும் தடுக்காது. கான்கிரீட்டும் தடுக்காது. ஆகவே முதலில் இடம். பிறகுதான் சுவர். மலைச் சரிவின் அடியிலும் ஓடைத் தடத்திலும் வீடு கட்டக் கூடாது. கிராம அலுவலகத்திலும் பஞ்சாயத்திலும் கேட்க வேண்டும். மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தம்பி என்ன செய்தான்?

மறுநாள் தம்பி பட்டறைக்குப் போனான். முன்பணம் சட்டைப் பையில் இருந்தது. கையில் ஒரு தாளும் இருந்தது. முந்தின இரவு அக்காளும் அவனும் உட்கார்ந்து எழுதிய கேள்விகள் அதில் இருந்தன.

"சுவருக்குள்ளே சூட்டைத் தடுக்க என்ன வெச்சிருக்கீங்க?"

"இணைப்பில் என்ன பசை? எத்தனை வருசத்துக்கு ஒருமுறை மாத்தணும்?"

"கம்பிக்கு மேல எவ்வளவு கான்கிரீட்? எத்தனை நாள் நனைச்சீங்க?"

"பலகையையும் பலகையையும் எதுல பிணைப்பீங்க?"

"மலைப் பாதையில் எப்படிக் கொண்டு வருவீங்க?"

கடைசிக் கேள்வியும் சாதாரணக் கேள்வி அல்ல. 7 அடி நீளமும் 1 அடி உயரமும் உள்ள 2 அங்குலப் பலகை சுமார் 80 கிலோ எடை. ஆட்கள் தூக்கலாம். ஆனால் 10 அடிக்கு 10 அடி, 4 அங்குல கனமுள்ள சுவர் 2 டன்னுக்கு மேல் வரும். கிரேன் வேண்டும். கிரேன் போகப் பாதை வேண்டும்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர். உண்மையைச் சொன்னார். "இது காம்பவுண்டுக்குச் செஞ்ச பலகை அண்ணே. நீங்க கேட்கிற சுவருக்குப் பெரிய தொழிற்சாலைக்குத்தான் போகணும். ஒத்தை வீட்டுக்கு மலை மேல கொண்டு வந்தா கட்டுப்படியாகாது."

தம்பி அன்று முன்பணம் கொடுக்கவில்லை. ஊருக்குப் போய் முதலில் நிலத்தைப் பற்றி விசாரிப்பது என்று முடிவு செய்தான். நிலம் சரி என்றால் எலிப்பொறிக் கட்டுச் சுவர். காம்பவுண்டுக்கு மட்டும் பலகை.

பேருந்து ஏறும்போது அக்காளிடம் சொன்னான். "ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதினேன், அக்கா. என் பணம் தப்பிச்சுது."

நினைவில் வைப்போம்

1. முதலில் பாதுகாப்பான இடம். பிறகு சுவர்.
2. வெறும் கான்கிரீட் சூட்டையும் குளிரையும் தடுக்காது. நடுவே அடைபட்ட காற்று வேண்டும்.
3. மழை இணைப்பில்தான் நுழையும். இணைப்பை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.
4. கம்பி தெரியாமல் இருந்தால் போதாது. அதன் மேல் போதுமான கான்கிரீட் வேண்டும்.
5. பலகைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எந்தச் சுவர் அதிகம் சூடாகிறது? எந்த நேரத்தில்? ஏன்?
2. உங்கள் ஊரில் முன்பு எதனால் சுவர் கட்டினார்கள்? அதில் வெயில் காலம் எப்படி இருந்தது?
3. வீடு கட்டப் போகும் ஒருவரிடம் நீங்கள் என்ன ஐந்து கேள்விகள் கேட்பீர்கள்? எழுதிப் பாருங்கள்.